ஏற்கெனவே கட்டிய பணம்

தமிழ்நாட்டில் சொத்துவரி கட்டும் குடும்பம் எதுவும் நூலகத்துக்குக் காசு கொடுக்காமல் தப்பியதில்லை. வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா நூலக வரி. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் கைங்கரியம் இது. காய்கறிக்காரரிடம் கொசுறாகக் கொத்தமல்லி கேட்டு வாதாடும் குடும்பத் தலைவர், இந்தப் பணத்துக்கு மட்டும் பதிலுக்கு எதுவும் கேட்பதில்லை. பிள்ளைக்கு நூலக அட்டை எடுத்துக் கொடுப்பது, நியாயமாகப் பார்த்தால், பாக்கி வசூல்.

அட்டை எடுப்பது எளிது. விண்ணப்பம், முகவரிச் சான்று, சிறு காப்புத்தொகை, ஆண்டுச் சந்தா, அவ்வளவுதான். வில்லங்கம் அதற்குப் பிறகே தொடங்கும். அட்டை பிள்ளையின் பெயரில் இருக்கும். புத்தகத்தை எடுப்பவர் அப்பா. பிள்ளை பேய்க்கதையை நீட்டும், அப்பா அதை வாங்கி வைத்துவிட்டுப் பொது அறிவுக் களஞ்சியத்தைத் திணிப்பார். பக்கத்தில் குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் அதைப் பொறாமையோடு பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும், "கிழிச்சுத் தொலைப்பான்" என்று அம்மா அதைப் பட்டுப்புடவைகளோடு பீரோவில் பூட்டுவார். தவணை நாளில் களஞ்சியம் அந்துருண்டை வாசனையோடு, கசங்காமல் திரும்பும்.

நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது சீ. இரா. அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது. பீரோ விஷயம் அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சில நாட்களிலேயே தனிமையும் சலிப்பும் தாங்காமல், பழைய வேலையே போதும் என்று மன்றாடினார். லண்டனுக்குப் போய் நூலகங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்காவிட்டால் கணிதத்துக்கே திரும்பலாம் என்று சமாதானம் செய்து அனுப்பினார்கள். போனவர் இந்திய நூலகவியலின் தந்தையாகத் திரும்பினார். ஆகவே முதல் நாளே பிள்ளை "போர் அடிக்குது" என்றால் பதற வேண்டியதில்லை. லண்டன்கூட வேண்டாம், அடுத்த அலமாரி போதும்.

சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப்பிரிவு உண்டு. தெருமுனைக் கிளை நூலகத்தில் அத்தனை வசதி இருக்காது. செய்தித்தாளை விரித்தபடி பெரியவர் குறட்டை விடுவார். அதைக் கேட்டுச் சிரிக்கும் பிள்ளைக்குத்தான் "உஷ்" கிடைக்கும். ஆனாலும் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் தவணைச் சீட்டில், ஊதா மைத் தேதிகளுக்குக் கீழே தன் தேதியும் விழுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு வரும் மிடுக்கே தனி. முத்திரை விழும் அந்த நேரத்தில் அப்பா வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பது நல்லது.

கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை. பிள்ளையைச் சனிக்கிழமை கூட்டிப் போங்கள். அது இரண்டாவது சனிக்கிழமையா என்று மட்டும் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.