ஊசி போடாத டாக்டருக்கு ஒரு ரோசனை

ஏனுங்க டாக்டர் தம்பி, ஓ.பி. முடிஞ்சுதில்ல? சித்த நேரம் இப்படித் திண்ணையில உக்காருங்க. நம்மூரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதுசா வந்திருக்கறீங்க. ஊருக்குள்ள உங்களப் பத்தி என்ன பேசிக்கறாங்கன்னு நாஞ் சொல்லாட்டி வேற யாரு சொல்றது? "ஆளு தங்கமானவரு, வைத்தியந்தான் தெரியல"ங்கறாங்க. காய்ச்சல்னு வந்தவனுக்கு ஊசி போடாம, வெந்நி குடின்னு சொல்லித் தாட்டி உட்டீங்களாமா!

நீங்க சொன்னது சரிதானுங்க. சாதாரணக் காய்ச்சலுக்கு பாராசிட்டமாலும் கஞ்சியும் போதும். ஆனா டவுன்ல கிளினிக் வெச்சிருக்கறவரு என்ன பண்றாரு? 300 ரூவாய வாங்கி உள்ள போட்டுக்கறாரு. குழாய நெஞ்சுல வெக்கறாரு, முதுகுல வெக்கறாரு, நாக்க நீட்டச் சொல்றாரு. "அட, இப்படி முத்த உட்டுட்டியே"ன்னு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு இடுப்புல ஒண்ணு குத்தறாரு. வெளிய வர்றப்பவே பாதிக் காய்ச்சல் போயிருது. மீதி ரெண்டு நாள்ல தானாப் போகுது. பேரு மட்டும் அவருக்கு, கைராசிக்காரராம்! நீங்க குடுக்கறதும் அதே மருந்துதான். 1994-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமா வாங்கி, ஆய்வுக்கூடத்துல சோதிச்சுத்தான் அனுப்புது. என்ன, அட்டையில "விற்பனைக்கு அல்ல"ன்னு அச்சடிச்சுக் கெடுத்துப்போட்டாங்க. விக்காத சரக்குல என்ன சத்து இருக்கப் போகுதுன்னு நம்மாளு ரோசிக்கறான்.

நீங்களும் குத்துங்கன்னு நாஞ் சொல்லலீங்க. குழாய மட்டும் வெச்சுப்போடுங்க.

அதுக்கு நேரம் எங்கன்னு கேப்பீங்க. என்ற பேத்தி நர்சிங் படிக்குது. 67 நாட்டுக் கணக்கப் பாத்து 2017-ல ஒரு ஆராய்ச்சி வந்துதாமா, படிச்சுக் காமிச்சுது. நோயாளிக்கு டாக்டரு ஒதுக்கற நேரம் சுவீடன்ல 22 நிமிசத்துக்கு மேல, பங்களாதேசத்துல 48 நொடி, நம்ம நாட்டுல சுமார் 2 நிமிசம். கண்ணபுரம் சந்தையில மாடு புடிக்கறவன்கூடப் பல்லு, சுழி, நடைன்னு அரை மணி நேரம் பாக்கறானுங்க. உங்களச் சொல்லிக் குத்தமில்ல. 30,000 பேருக்கு ஒரு நிலையம்னு கணக்கு வெச்சிருக்காங்க. அந்த 2 நிமிசத்துலயும் பாதியப் பதிவேடு தின்னுபோடுது.

ஆனா ஒரு ரகசியம் கேட்டுக்குங்க. நெசமான வியாதிய நாங்க மொத நிமிசத்துல சொல்லவே மாட்டோம். மேக்காலத் தோட்டத்து ஆத்தா ஸ்டூல்ல உக்காந்ததும், "கை காலு கடுக்குது சாமி, கிறுகிறுங்குது"ன்னு ஆரம்பிக்கும். நீங்க பேனாவ எடுத்துருவீங்க. சீட்ட வாங்கி, மடிச்சு, முந்தானையில முடிஞ்சுக்கிட்டுக் கதவுகிட்டப் போனதுக்கப்புறந்தான் திரும்பும்: "அந்தப் பிரசர் மாத்திரைய ஒருநா உட்டு ஒருநாத்தான் போடறன், பரவால்லீங்களா?" கிறுகிறுப்பு எங்கிருந்து வருதுன்னு அப்பத்தான் தெரியும். ஆனா நீங்க அதுக்குள்ள "அடுத்து!"ன்னு கூப்புட்டிருப்பீங்க. மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசாங்கத் திட்டத்துல 2021-ல இருந்து மாத்திரை ஊட்டுக்கே வந்துருதுங்க. அரிசிப்பானைக்குள்ள எத்தன அட்டை தூங்குதுன்னு யாரு எட்டிப் பாக்கறா? ஆளு வாசப்படியத் தாண்டற வரைக்கும் அடுத்தவனக் கூப்புடாதீங்க, அவ்வளவுதான்.

எங்க லட்சணமும் தெரிஞ்சதுதானுங்க. பொழச்சா மாரியாத்தா புண்ணியம், போனா டாக்டரு கொன்னுபோட்டான். நடுராத்திரி பிரசவம் பாத்த நர்சம்மாளுக்கு ஒரு வாய் காப்பித்தண்ணி குடுக்க மாட்டோம். பொட்டப்புள்ள பொறந்துட்டா அந்தம்மா மேலயே மூஞ்சியத் தூக்குவோம். உங்களுக்கு வெடிஞ்சா கூட்டம், பொழுதெறங்குனா முகாம், நடுவுல "புள்ளிவெவரம் எங்க?"ன்னு மேலிருந்து போனு. நல்லாச்சுங்க டாக்டருன்னு சொல்ல ஒருத்தனும் வர்றதில்ல. நல்லானவனுக்கு ஆஸ்பத்திரியில என்ன சோலி? நல்லாகாதவன் மூஞ்சியவே தெனமும் பாத்துப் பாத்து, நமக்கு வைத்தியம் வரலையோன்னு உங்களுக்கே சந்தேகம் வந்துருது. காட்டுப்பக்கம் ஒரு நடை நடந்து பாருங்க தம்பி, உங்க மருந்துல எந்திரிச்சவன் கொத்தோட நிப்பான். கும்புடு மட்டும் போட மாட்டான்.

எப்படியும் நீங்க எம்.டி. படிக்கப் போயிருவீங்க. அரசு டாக்டருங்களுக்கு மேல்படிப்புல மாநில ஒதுக்கீட்டு எடத்துல பாதி ஒதுக்கியிருக்குதாமா, போகோணுந்தான். போறப்ப அடுத்து வர்றவருக்கு ஒரு நோட்டு எழுதி வெச்சுட்டுப் போங்க. மாத்திரைய அரிசிப்பானையில போடறது யாரு, சக்கரை சோதிக்கற நாளுக்கு முந்தின ரெண்டு நா மட்டும் சோத்த உட்டுட்டுக் களி உங்கறது யாருன்னு. மொதப் பேரு எங்க சம்பந்தியோடது. நாஞ் சொன்னன்னு மட்டும் எழுதிப்போடாதீங்க.