ஒரே தூரம், இரண்டு நேரம்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் போக ஆகும் நேரம், திரும்பி வர ஆகும் நேரத்தைவிட அதிகமாமே! தூரம் ஒன்றுதானே?

பதில்: தூரம் ஒன்றுதான், ஏறக்குறைய 14,500 கிலோமீட்டர். பூமிக்குப் பட்சபாதம் கிடையாது, காற்றுக்குத்தான் உண்டு. ஆகாயத்தில் பத்துக் கிலோமீட்டருக்கு மேலே, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மகாநதிபோல் ஓடும் வாயுப் பிரவாகமானது, லண்டனிலிருந்து வரும் விமானத்தைப் பின்னின்று உந்தியும், பெர்த்திலிருந்து போவதை எதிர்நின்று தடுத்தும் வருவதால், போவதற்குப் பதினேழு மணி நேரத்துக்கு மேலும், வருவதற்கு அதிலும் சற்றுக் குறைவாகவும் ஆகிறது. இடையில் எங்கும் இறங்காத இந்தப் பிரயாணம் 2018 மார்ச்சில்தான் ஆரம்பமாயிற்று. 1947இல் சிட்னியிலிருந்து லண்டன் சென்றவர்கள், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ என்று இறங்கி ஏறி, நான்கு நாட்கள் கழித்தே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை நினைத்தால், மனித புத்தியின் சாமர்த்தியத்தை எண்ணிப் பிரமிக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆகவே, தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் கணிக்காதீர்கள். பயணச்சீட்டில் அச்சிட்டிருப்பதையே நம்புங்கள், காற்றையும் கணக்கில் சேர்த்துத்தான் அதை எழுதியிருக்கிறார்கள்.