முப்பதும் அறுபதும்: ராசிங்காபுரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

போடி வட்டத்தில் மலையடிவாரத்து ஊரான ராசிங்காபுரம் இவ்வாய்வின் களம். கள எல்லை, அங்குள்ள ஒரு வீட்டின் முன்னறை. இன்னும் சுருக்கினால், டிவிக்கும் பாய்க்கும் இடைப்பட்ட ஆறடி. ஆய்வுச் சிக்கல்: பிளேஸ்டேஷன் 5-இல் ஆட்டம் தொடங்குமுன் படத் தரத்தைத் தேர்வதா, வேகத்தைத் தேர்வதா? தரம் என்றால் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃபிரேம். இலை, நிழல், தண்ணீரில் தெரியும் வானம் எல்லாம் துல்லியம். வேகம் என்றால் 60. தூரத்து மரம் கொஞ்சம் மொழுக்கென்று ஆகிவிடும்.

காரணம் வெறும் கணக்கு. 60 வேண்டுமானால் ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லி நொடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். 30 என்றால் 33.3 கிடைக்கும். 4கே படம் ஒன்றில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். இந்த வட்டாரத்துக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஏலக்காயை உலர்கூடமான ஸ்டோரில் இளஞ்சூட்டில் பொறுமையாக உலர்த்தினால் பச்சை மாறாது. சூட்டை ஏற்றி அவசரப்படுத்தினால் நிறம் வெளுக்கும். போடி ஏலத்தில் விலை பேசுவது அந்தப் பச்சையும் பருமனும்தான். பாயசத்தில் விழுந்த பிறகு பச்சையை யார் தேடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

முன்னோடிச் சான்று ஒன்று உண்டு. 1982-இல் வண்ண ஒளிபரப்புக்கு நாம் ஏற்ற ‘பால்’ (PAL) முறையில் டிவி நொடிக்கு 50 முறை துடிக்கும்; ஜப்பானில் 60. அங்கே எழுதிய ஆட்டத்தை அப்படியே 50-இல் ஓடவிட்டால் ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடும். 1991-இல் வந்த சானிக், ஓடுவதற்கென்றே பிறந்த முள்ளெலி, ஐரோப்பாவின் பால் டிவிகளில் இப்படித்தான் மெதுவாக ஓடியது.

இலக்கண ஆதாரம் தொல்காப்பியத்தில் இருக்கிறது (இல்லாமலா?). நிலமும் பொழுதும் முதற்பொருள், மரம், விலங்கு, பறவை முதலியன கருப்பொருள், ஒழுக்கம் உரிப்பொருள். ஃபிரேம் என்பது பொழுது, ஆகவே முதல். கிராபிக்ஸ் கரு. முதலைவிடக் கருவும் கருவைவிட உரியும் சிறப்புடையவை என்பதால் 30 கட்சிக்கு இலக்கண பலம் கூடுதல். ஆட்டத்தின் நாயகன் செத்து விழும்போது எழும் உரிப்பொருள் இரங்கல்; அது நெய்தலுக்குரியது. குறிஞ்சியின் அடிவாரத்துக்கு நெய்தல் எப்படி வந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி களத் தரவு. கன்ட்ரோலர் அண்ணன் கையில். அவன் 60 கட்சி. பாயில் தம்பியும் அப்பத்தாவும், இருவரும் 30.

“மரமெல்லாம் நம்ம மலை கணக்கா இருந்துச்சு, எதுக்குடா மாத்துன?”

“அமுக்குனா லேட்டா அடிக்கிறான் அப்பத்தா, ஒனக்கென்ன தெரியும்!”

பிறகு கன்ட்ரோலர் தம்பியிடம் போனது. முதல் சண்டையிலேயே அவன் 60-க்குக் கட்சி மாறினான். பாய்க்கு வந்த அண்ணனோ, நிழல் சரியில்லை என்று குறை சொல்லத் தொடங்கினான். பொத்தானை எப்போது அமுக்கினோம் என்பது அமுக்கிய விரலுக்குத்தான் தெரியும். பார்ப்பவர் கண்ணுக்குத் தாமதம் என்று ஒன்றே கிடையாது. எனவே 60 ஆடுபவருக்கானது, 30 வேடிக்கை பார்ப்பவருக்கானது.

2024 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5 புரோவை அறிமுகம் செய்த மார்க் செர்னி, ஆட்டக்காரர்கள் நாலில் மூன்று தடவை வேகத்தையே தேர்கிறார்கள் என்றார். இத்தரவை ஏற்பதில் இவ்வாய்வுக்குத் தயக்கம் உண்டு. எண்ணப்பட்டது கன்ட்ரோலர் பிடித்தவர்களின் வாக்கு மட்டுமே; பாயில் இருந்தவர்களுக்கு வாக்குரிமையே இல்லை.

சமரசமும் இருக்கிறது. 2021-இன் ‘ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்’ 40 ஃபிரேம் வழி ஒன்றைத் தந்தது. எண்ணிக்கையில் 30-ஐ ஒட்டி நின்றாலும், ஒரு படத்துக்கு 25 மில்லி நொடி என்பதால் காலக் கணக்கில் அது 30-க்கும் 60-க்கும் நட்டநடு. ஆனால் அதற்கு 120 ஹெர்ட்ஸ் டிவி வேண்டும். முன்னறையில் இருப்பது 60. புது டிவிப் பேச்சை எடுத்ததும் அந்த வீட்டு அப்பா மூன்றாம் கட்சி ஒன்றைத் தொடங்கினார்: பெட்டியை அணை. அது நொடிக்கு 0 ஃபிரேம். இதை மறுக்க ஆய்வாளரிடம் தரவு இல்லை.