நி.மு. சூப்ரண்ட்

எந்த அரசு அலுவலகத்தை எடுத்துக்கொண்டாலும் ஏதாவது ஒரு பிரிவில் இப்படியொரு கண்காணிப்பாளர் உட்கார்ந்திருப்பார். உலக விவகாரம் எல்லாவற்றிலும் அவருக்கு முடிந்த முடிவு ஒன்று உண்டு. மேஜைமேல் கிடக்கிற கோப்பில் மட்டும் இருக்காது. எங்கள் பிரிவு சூப்ரண்ட் சார் இந்த இனத்தில் முதல் தரம்.

முடித்த கோப்பை எத்தனை காலம் காப்பது என்பதற்கு எங்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ஓ.மு. போட்டால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்று, ப.மு. என்றால் பத்து. நி.மு. போட்டுவிட்டால் கட்டடம் இடிகிறவரை அந்தக் கட்டை யாரும் அசைக்க முடியாது. சாருடைய அபிப்பிராயங்கள் அத்தனையும் நி.மு. இளையராஜாவுக்கு அப்புறம் பாட்டே இல்லை, நி.மு. இருபது ஓவர் ஆட்டம் கிரிக்கெட்டில் சேர்த்தி இல்லை, நி.மு. பூசணிக்காய் போட்டால் அது சாம்பாரே அல்ல, நி.மு.; மேல்முறையீடு கிடையாது.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம். அங்கே வாங்கிய மனுக்கள் செவ்வாய்க்கிழமை எங்கள் தபாலில் வந்து குவியும். சார் முதல் மனுவை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, பெருமூச்சு விடுவார்.

“என்னய்யா இது? தெருவுல ஆறு மாசமா சாக்கடை ஓடுதுங்கிறான். ஏற்கெனவே கொடுத்த மனுவோட தேதியைப் போடலையே?”

சாக்கடை ஆறு மாதம் ஓடியதில் அவருக்கு வருத்தம் இல்லை. பார்வையில் தேதி இல்லாமல் ஓடியிருக்கிறது, அதுதான் தாங்கவில்லை.

மின் அலுவலகம் வந்துவிட்டது, எல்லாம் கணினியிலேயே நகர வேண்டும் என்று உத்தரவு. சார் கட்டுப்பட்டார். கணினியில் வருகிற கோப்பை அச்செடுத்து, டேக் கட்டி, பச்சை அட்டைக்குள் வைத்து எங்களிடம் நகர்த்துகிறார்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு மனுஷன் மாலை வரை உயிரோடு இருப்பது சிற்றலை வானொலிக்காக. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பக்கத்து வீட்டுத் தென்னைமரம் வரை ஒரு தாமிரக் கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறார். அவருக்கு அது ஏரியல், அவர் மனைவிக்குத் துணி காயப்போடும் கொடி. கல்லூரி நாளில் இலங்கை வானொலியில் பிடித்த பைத்தியம் இது. பிபிசி தமிழோசை 1941-இல் தொடங்கி 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றது. அன்று ஞாயிறு, மறுநாள் மே தினம். செவ்வாய்க்கிழமை சார் ஆபீசுக்குத் துக்க வீட்டிலிருந்து நேராக வந்தவர் போல வந்தார். அன்றைக்குத் தபால் எதுவும் பிரிக்கப்படவில்லை.

சிற்றலைக்குப் பரம எதிரி எல்.இ.டி. பல்பு. மலிவு பல்பின் உள்ளே இருக்கிற சின்ன மின்சுற்று கக்குகிற இரைச்சல் ரேடியோவில் கொர்ரென்று ஏறும். ஆகவே இரவு ஒன்பதரைக்குச் சார் வீட்டில் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார்கள். ஒருநாள் கையெழுத்து வாங்கப் போயிருந்தபோது நானும் அந்த இருட்டில் மாட்டிக்கொண்டேன்.

“ஏங்க, தெரு பூரா சீரியல் ஓடுது. நம்ம வீடு மட்டும் எவனோ பேசுறதுக்காக இருட்டுல கெடக்கணுமா?”

“சும்மா இரு, ருமேனியா வருது.”

“வரட்டும். காபி நீங்களே போட்டுக் குடுங்க.”

சுமார் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பெண் சாருக்குத் தெரியாத மொழியில் செய்தி வாசிப்பது அவருக்குத் தெளிவாகக் கேட்டது. ஆறடி தள்ளி நின்று நான் “சார், கையெழுத்து” என்றது கேட்கவில்லை.

வானொலி நேயர்கள் ஒலிபரப்பின் தரத்தை ஐந்து இலக்கத்தில் எழுதுவார்கள். அலையின் வலு, மற்ற நிலையங்களின் இடையூறு, இரைச்சல், அலை வந்துசேரும் சீர், கடைசியாக மொத்தத் தரம். எல்லாம் உத்தமமாக இருந்தால் 55555. சார் இதை ஆய்வுக் கூட்டத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். புதன்கிழமை நிலுவைப் பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் எண்கள் விழும். பெரிய அதிகாரிக்கு 55551. குரல் கணீர், குறுக்கே பேச ஆளில்லை, இரைச்சலில்லை, சீராக வருகிறது, விஷயம்தான் ஒன்றுமில்லை. கணக்குப் பிரிவுக்கு 12111. எனக்கு 33333 போட்டிருந்தார். இதுவரை அது ஏறவில்லை.

அரசியலுக்கு வருவோம். “நான் அரசு ஊழியன். 1973 நடத்தை விதிப்படி அரசியல் பேசக் கூடாது” என்று சார் ஆரம்பித்தால் டீ ஆறிவிடும் என்று பொருள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, இனிமேல் யாராவது ஆரம்பிக்கப்போகும் கட்சி எல்லாவற்றையும் விதிக்கு உட்பட்டே கிழிப்பார். கடைசியில் பேச்சு அகவிலைப்படிக்கு வந்து நிற்கும். ஜனவரிக்கு ஒன்று, ஜூலைக்கு ஒன்று. தில்லியில் அறிவித்த நாளிலிருந்து இங்கே அறிவிக்கும் நாள்வரை அவருக்கு ஜனநாயகத்தின்மேல் நம்பிக்கை கிடையாது.

இன்னும் கொஞ்சம் சூடேறினால் 2003 ஜூலை வந்துவிடும். அந்த மாதம் நடந்த அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கினார்கள். “டெஸ்மா சட்டம்னா என்னன்னு தெரியுமா தம்பி? நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னோம். இன்னிக்கு நீங்க பென்ஷனோட போறீங்கன்னா அதுக்கு யார் காரணம்?”

“சார், நான் 2003 ஏப்ரலுக்கு அப்புறம் சேர்ந்தவன். எனக்கு அந்தப் பென்ஷனே கிடையாது. மாசாமாசம் பத்து சதம் பிடிக்கிறாங்க” என்பான் இளநிலை உதவியாளர் பையன்.

“அதான் சொல்றேன், உங்களுக்கெல்லாம் போராடத் தெரியல.”

சாரின் ஓய்வூதியக் கருத்துருவைத் தயாரிக்கிற பொறுப்பு என்னுடையது. ஓய்வு வயதை 2020-இல் 59 ஆக்கி, 2021-இல் 60 ஆக்கியிராவிட்டால் அந்த வேலை எப்போதோ முடிந்திருக்கும். பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் அ1 உதவியாளருக்கு நரையும் இவ்வளவு விழுந்திருக்காது. கருத்துருவுக்காகச் சாரின் பணிப்பதிவேட்டைப் புரட்டினேன். 2003 ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுவரை சார் மருத்துவ விடுப்பு. காரணம், வயிற்றுப்போக்கு. பதிவேட்டை மூடி வைத்துவிட்டேன். ஒருவருடைய வீரத்தைத் தணிக்கை செய்ய எனக்கு ஏது அதிகாரம்?

வியாழன், வெள்ளியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வியாழன் சார் காது குடைவார், வெள்ளி சீக்கிரம் போவார்.

சனி, ஞாயிறு கேட்ட நிலையங்களுக்கு அறிக்கை எழுதும் நாட்கள். கடிதம் ஆங்கிலத்தில் என்றாலும் பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் உண்டு. கடைசியில், ‘இதன்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையை இவ்வலுவலகத்துக்குத் தெரிவிக்கவும்.’ கேட்டதை உறுதிசெய்து அவர்கள் வண்ண அட்டை அனுப்புவார்கள். வீட்டு முகவரி கொடுத்தால் மனைவி அதில் மளிகைக் கணக்கு எழுதிவிடுகிறார் என்று ஆபீஸ் முகவரி கொடுத்திருந்தார்.

போன மாதம் ருமேனியா வானொலியின் அட்டை வந்தது. தபால் பிரிவில் புதுப்பெண். முத்திரை குத்தி, நடப்பு எண் போட்டு, பொருள் பத்தியில் ‘ருமேனியா, விவரம் புரியவில்லை’ என்று எழுதி என் இருக்கைக்கு அனுப்பிவிட்டாள். எண் விழுந்த தாளை நான் சும்மா தூக்கிக் கொடுக்க முடியுமா? குறிப்பு எழுதினேன். ‘ருமேனியா வானொலியிலிருந்து வரப்பெற்ற அட்டை பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது. அட்டையைச் சாருக்கு வழங்கி, கோப்பை ஓ.மு. என முடிக்கலாமா என ஆணை வேண்டப்படுகிறது.’

கோப்பு அரை மணியில் திரும்பியது. எங்கள் பிரிவில் அது சாதனை. ஓ.மு. அடிக்கப்பட்டு மேலே நி.மு. எழுதப்பட்டிருந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரே வார்த்தை: ‘பேசுக.’

போனேன். ஐந்தே முக்கால் மணிக்கு அலுவலகம் முடிந்து, விளக்கணைக்க வந்த காவலாளியும் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார். அப்போதுதான் சார் ருமேனியாவின் இரண்டாம் அலைவரிசைக்கு வந்திருந்தார்.