ஒட்டியலும் மாற்றியலும்: விருத்தாசலத்துப் பஞ்சர் குறித்து ஓர் ஆய்வு

பஞ்சரான மோட்டார் சைக்கிள் சக்கரத்தை ஒட்டுவதா, மாற்றுவதா என்னும் வினா தமிழாய்வுலகில் உரிய இடம் பெறவில்லை. சிலப்பதிகாரத்தின் காலத்துக்கும் வள்ளுவரின் சமயத்துக்கும் வண்டி வண்டியாய்ப் பக்கங்களை ஒதுக்கிய நம் அறிஞர்கள், விருத்தாசலம் பாலக்கரையில் உச்சி வெயிலில் பைக்கைத் தள்ளிக்கொண்டு போகிறவனின் ஐயத்துக்கு ஓர் அடிக்குறிப்புகூட எழுதியதில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. இதன் முதன்மை ஆதாரம் டியூப். துணைமை ஆதாரம், அதைக் கையில் எடுத்ததும் பஞ்சர் கடைக்காரரின் முகம் போகும் போக்கு.

களமாக விருத்தாசலத்தைக் கொண்டதற்குக் காரணம் உண்டு. பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் உள்ள ஊர் இது. கொலுவுக்குப் பொம்மை, கார்த்திகைக்கு அகல், மின்பலகைக்கு ஃபியூஸ் கேரியர் என்று செய்து பழகியவர்களுக்கு உடைதலின் இலக்கணம் அத்துப்படி. பொம்மை பச்சை மண்ணாக இருக்கும்போது கை ஒடிந்தால் குழைத்து ஒட்டிவிடலாம். முழுதும் நொறுங்கினாலும் தண்ணீரில் ஊறப்போட்டு முதலிலிருந்து தொடங்கலாம். சூளைக்குள் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டாலோ மண்ணோடு பிணைந்திருந்த நீர் போய்விடுகிறது. அப்புறம் மணிமுத்தாற்று வெள்ளமே வந்தாலும் அது மறுபடி களிமண் ஆகாது. விரிசலோடு வெளிவந்ததை ஒதுக்கிவிட்டு வேறொன்று வார்க்க வேண்டியதுதான். ஆகவே இவ்வூரின் தொல்நெறி, வெந்தது ஒட்டாது என்பது. இதை மாற்றுநெறி என்க.

அற்றேல் ரப்பரும் வெந்ததே அன்றோ எனின், ஆம். சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற முறைப்படி கந்தகம் கூட்டிச் சூடேற்றிய ரப்பர் மறுபடி ரப்பர் பாலாகத் திரும்பாது. சூளையேறிய மண்ணுக்கும் அதற்கும் அந்த மட்டில் வேறுபாடு இல்லை. ஆனாலும் ஒட்டுகிறது. ஏனெனில் பஞ்சர் கடையின் சொலூஷன் வெறும் பசை அன்று. டியூபின் மேல்தோலையும் பேட்சின் அடிப்பரப்பையும் ஒன்றோடொன்று பிணைத்து, அந்த இடத்தில் மட்டும் ஒரு சிறு வல்கனைசிங் நடத்திவிடுகிறது. அடுப்பு இல்லாத சூளை. பீங்கானுக்கு இப்படியொரு சொலூஷன் வாய்க்காததால்தான் வீட்டில் காது உடைந்த கோப்பையெல்லாம் பேனா ஸ்டாண்டாக உத்தியோகம் பார்க்கிறது.

முன்னோர் வரலாறு சுருக்கமாக: காற்றடைத்த டயருக்கு 1845இலேயே ராபர்ட் தாம்சன் காப்புரிமை வாங்கினார், உலகம் கண்டுகொள்ளவில்லை. 1888இல் கால்நடை மருத்துவரான டன்லப் அதையே மறுபடி கண்டுபிடித்தார், உலகம் கைதட்டியது. பஞ்சரைக் கண்டுபிடித்தவர் யார் என்பதில் மட்டும் யாரும் உரிமை கோரவில்லை. நம் பக்கம் எம்.ஆர்.எஃப். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்துதான் தொழிலைத் தொடங்கியது. பலூனுக்குப் பஞ்சர் ஒட்டும் வழக்கம் இல்லாமையால் இவ்வரலாறு மாற்றுநெறியார்க்கே சாதகம் என்பாரும் உளர்.

இனிச் செய்முறை. சக்கரத்தைக் கழற்றி, லிவரால் டயரின் விளிம்பை நெம்பி, டியூபை உருவிக் காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்குகிறார் கடைக்காரர். ஓரிடத்தில் கொப்புளம் முத்து முத்தாய்க் கிளம்புகிறது. வண்டிக்காரர் குனிந்து பார்க்கிறார். சும்மா நிற்பவரும் குனிந்து பார்க்கிறார். ஈரம் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவுகிறார். இங்கேதான் பொறுமை வேண்டும். அது காய்ந்து தொட்டால் லேசாக ஒட்டும் பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரத்தில் வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் ஏறி, பேட்ச் நாலு நாளில் பிய்த்துக்கொண்டு வரும். பிறகு பேட்சை வைத்துச் சுத்தியலால் தட்டி, மறுபடி தண்ணீர்ப் பரீட்சை.

எல்லாம் முடிந்து டியூபை உள்ளே தள்ளுமுன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஆய்வுலகம் கவனிக்கத் தவறியதும் அதுவே. சுந்தரர் இவ்வூர் மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது தல வரலாறு. பஞ்சரும் அப்படித்தான்: ஓட்டை டியூபில், ஆணியோ கருவேல முள்ளோ டயரில். டியூபை வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக டயரின் மேல் வைத்துப் பார்த்தால் முள் எங்கே என்பது தெரிந்துவிடும். உட்புறம் தடவி அதை எடுக்காமல் மாட்டியவன் சாயங்காலமே திரும்பி வருவான், கடைக்காரரைத்தான் திட்டுவான்.

"அண்ணே, ஒட்டிரலாமா?"

"ஏற்கெனவே நாலு ஒட்டு இருக்கு தம்பி. அதுவும் வால்வு அடியில கிழிஞ்சிருக்கு. உங்க இஷ்டம்."

இங்கே 'உங்க இஷ்டம்' என்பது புது டியூபுக்குக் காசை எடு என்னும் ஏவல். இதை மறுத்து வாதிட்டவர்கள் அடுத்த ஊர்வரை வண்டி தள்ளியிருக்கிறார்கள். வால்வின் அடி ஒவ்வொரு சுழற்சியிலும் இழுபடும் இடம். பேட்ச் அங்கே நிற்காது.

டியூப்லெஸ் டயரில் சிக்கல் வேறு. ஆணி குத்தியபடியே இருந்தால் அதுவே மூடியாகிக் காற்றை ஓரளவு பிடித்து வைக்கும். ஆகவே பிடுங்குவதா, விடுவதா என்பது தனி வினா. 2001இல் வந்த 'ஃப்ரண்ட்ஸ்' படத்தில் காண்ட்ராக்டர் நேசமணி 'ஆணியே புடுங்க வேணாம்' என்று கொண்ட நிலைப்பாடு, கடை வந்து சேரும்வரை முற்றிலும் சரி. கடையில் பிடுங்கி ரப்பர் ஸ்ட்ரிப் திணித்துக்கொள்ளலாம், குத்தியது நடுப்பட்டையாக இருந்தால். பக்கச்சுவரில் குத்தியிருந்தால் டயரையே மாற்ற வேண்டும். பாரத்தில் வளைந்து நிமிரும் பகுதி அது. அங்கே திணித்தது வேகத்தில் கழன்றால் ஆளுக்கும் பேட்ச் போட வேண்டிவரும்.

மாற்றுநெறியார்க்கு உரிய வலுவான சான்று டயரிலேயே எழுதியிருக்கிறது. பள்ளங்களுக்குள் குறுக்கே ஒரு சிறு மேடு வார்த்திருப்பார்கள். பட்டை தேய்ந்து அம்மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. பக்கச்சுவரில் நாலு இலக்கமும் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்தது. பெண்ணுக்கு ஜாதகம் பார்க்க மூன்று ஊர் அலைகிறவர்கள் இதைக் குனிந்து பார்ப்பதில்லை. வழுக்கை டயருக்குள் ஐந்தாவது ஒட்டோடு ஒரு டியூபைத் திணிப்பது சிக்கனமும் அன்று, ஒட்டியலும் அன்று.

மறுதலையாக, புது டயரில் விழுந்த ஒற்றை ஆணிக்காக எல்லாவற்றையும் தூக்கியெறிபவரைப் பீங்கான் பேட்டையும் ஏற்காது. அவர் வண்டியிலேயே ஸ்பார்க் பிளக் என்ற பெயரில் ஒரு பீங்கான் துண்டு உண்டு. அது விரிசல் விட்டால் மாற்றத்தான் வேண்டும். பீங்கான் விதியை அதனோடு நிறுத்திக்கொள்வதே முறை. சக்கரத்துக்கு ரப்பர் விதி.

இம்முடிபை ஏற்காதவர்க்கு மேல்முறையீடு உண்டு. ஊரை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் சந்நிதியில் மனக்குறைகளைத் தாளில் எழுதிப் பிராது கட்டலாம். ஆனால் பிராது எழுத உட்காருமுன் டயருக்குள் கைவிட்டு ஒருமுறை தடவிப் பார்த்துவிடுங்கள். ஆணி இன்னும் அங்கேயே இருக்கலாம்.