தாயி, அண்டாவையும் தூக்கிக்கிட்டுப் போயேன்!

திண்ணையில மூணு பையி, ஒரு சூட்கேசு, சாக்குல சுத்துன மெத்தை, பக்கெட்டுக்குள்ள ஒரு பக்கெட்டு, அதுக்குள்ள மக்கு, மக்குக்குள்ள சோப்பு டப்பா. போறவுக வாரவுக எல்லாம் நின்னு பாத்துட்டு, “பேத்தி கோயம்புத்தூருக்கு இன்ஜினியரிங் படிக்கப் போறாளா, தனிக்குடித்தனம் போறாளா?”ன்னு எங்கிட்டக் கேக்காக. “சீர்வரிசை ரெடி, மாப்பிள்ளைதான் பாக்கி”ன்னு சொல்லி அனுப்பிக்கிட்டு இருக்கேன். இதுக்கு மேலயும் உங்க அம்மா அடுக்களையில எதையோ உருட்டிக்கிட்டு இருக்கா. அங்க அண்டா ஒண்ணுதான் மிச்சம். அதை மட்டும் ஏன் விடணும்? தூக்கிக்கிட்டுப் போயேன். வெந்நி போட ஆகும்.

ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. பொம்பளப் புள்ளைக ஹாஸ்டல்ல ஆம்பளைகளை ஆபீஸ் ரூமைத் தாண்டி விடமாட்டாக. உங்கப்பன் மெத்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு மரத்தடியில நிக்க வேண்டியதுதான். மூணாவது மாடியில உனக்கு ரூம் விழுந்துச்சுன்னா, இத்தனை சாமானையும் மேல ஏத்துறது யாரு? நீயும் உங்க அம்மாவும். அவளுக்கு முழங்கால் வலி. லிப்டு இருந்தா அன்னைக்குன்னு பாத்து ‘பழுது’ன்னு ஒரு அட்டை தொங்கும். அதனால ஒவ்வொரு பையையும் தூக்கிக்கிட்டு நம்ம மச்சுப்படியில மூணு தடவை ஏறி இறங்கிப் பாரு. மூச்சு வாங்காம எது மேல வருதோ அதை மட்டும் எடு. மெத்தை எதுக்கு இங்க இருந்து? சேர்க்கை நாள்ல கேட்டுக்கு எதுத்தாப்புல பாய், தலையாணி, பக்கெட்டு, கொடிக்கயிறுன்னு விரிச்சுப் போட்டு விக்க ஆளு நிக்கும். பத்து இருபது கூடச் சொல்லுவான். சொல்லட்டுமே, வேன் வாடகைக்கு அது குறைச்சல்தான்.

ஆமா, அந்த வேனு. உங்கப்பன் பேசிட்டு வந்துட்டான். பெரியம்மா, சித்தி, சித்தப்பன், அவன் மகன் எல்லாரும் ஏறுதாக. உன்னைக் கொண்டுபோயி விடத்தான் இவ்வளவு பாசமான்னு கண்ணு கலங்கிராத. மருதமலை பாக்கணும், பேரூர் கோயில் பாக்கணும், ஒப்பணக்கார வீதியில சேலை எடுக்கணும். அதுக்கு நடுவுல வழியில உன்னையும் இறக்கி விடுதாக, அவ்வளவுதான். பேசாம நாகர்கோவில்ல இருந்து வார ராத்திரி ரயில்ல நீங்க மூணு பேரு மட்டும் கோவில்பட்டியில ஏறுங்க. காலையில அங்க நிப்பிக.

காலையிலேயே போறதுல ஒரு சூட்சுமம் இருக்கு தாயி. ரூம்ல மூணு நாலு கட்டில் கிடக்கும். முதல்ல போறவ எடுத்துக்கிட்டதுதான் அவ கட்டில். கதவோரக் கட்டில் வேண்டவே வேண்டாம். வாரவ போறவ எல்லாம் அதுலதான் உக்காருவா, மிச்சர் தின்னுட்டு உன் போர்வையில கையைத் துடைப்பா. ஜன்னலோரம் நல்லாத்தான் இருக்கும், சாரல் அடிக்கிற வரைக்கும். பிளக் பாயிண்டு எந்தச் சுவத்துல இருக்குன்னு பாத்து அந்தக் கட்டிலைப் பிடி. பிறகு போனுக்குச் சார்ஜ் ஏத்தணும்னா அத்தனை பேரும் உங்கிட்டத்தான் வரணும். படிச்சு முடிச்சு வார அதிகாரம் வரட்டும், இது முதல் நாளே கையில இருக்கு.

மெத்தையை விரிக்கிறதுக்கு முன்னாடி பலகையைத் தூக்கி, கட்டிலோட மூட்டுலயும் ஆணி ஓட்டையிலயும் உத்துப் பாரு. கறுப்புப் புள்ளியா அப்பி இருந்துச்சுன்னா மூட்டைப்பூச்சி. வெக்கப்படாம மெஸ்ஸுல போயி ஒரு செம்பு கொதிக்கிற தண்ணி கேட்டு வாங்கி ஊத்து. செண்டு அடிச்சா அது சாகாது. வாசமாக் கடிக்கும்.

பூட்டு நல்லதா வாங்கு. அலமாரி அவுக குடுப்பாக, பூட்டு நம்மதுதான். சாவி ரெண்டு இருக்கும். ரெண்டையும் ஒரே வளையத்துல மாட்டி, அந்த வளையத்தை அலமாரிக்குள்ள வச்சு, வெளிய நின்னு பூட்டை அமுக்கிட்டு, அப்புறம் சுத்தியல் தேடி அலையிற இன்ஜினியருக நாட்டுல நிறையப் பேரு இருக்காக.

இப்ப காகிதத்துக்கு வருவோம். உங்க அம்மா ஊறுகாய் பாட்டிலையும் உன் மார்க் சீட்டையும் ஒரே பையில வச்சிருக்கா. ரயில் குலுங்குற குலுக்கல்ல எண்ணெய் ஒழுகி, பன்னெண்டாம் வகுப்புல நீ வாங்குன மார்க்கு எலுமிச்சங்காய் வாசம் அடிக்கப் போகுது. அலாட்மெண்ட் ஆர்டரு, மார்க் சீட்டு, டி.சி., சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாரு, பேங்கு பாஸ்புக்கு, போட்டோ எல்லாத்தையும் தனி ஃபைல்ல போட்டு மடியிலேயே வச்சுக்கோ. சூட்கேசு தொலைஞ்சா சட்டை வாங்கிக்கிடலாம். டி.சி. தொலைஞ்சா போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து தாலுகா ஆபீஸ் வரைக்கும் உங்கப்பன் அலையணும்.

அதுல முதல் பட்டதாரிச் சான்றுன்னு ஒண்ணு இருக்கு பாரு, அதைப் பத்திரமா வை. 2010-ல இருந்து அதுக்குக் கல்விக் கட்டணத்துல சலுகை குடுக்காக. நானும் காலேஜ் வாசல் மிதிக்கல, உங்கப்பனும் மிதிக்கல. பரம்பரை பரம்பரையா நாங்க படிக்காம சேத்து வச்ச சொத்து அது. உனக்குன்னு இந்தக் குடும்பம் எழுதி வச்சது அது ஒண்ணுதான்.

அசலை வாங்கி வச்சுக்கிட்டு நாலு வருசம் கழிச்சுத் தாறோம்னு எந்தக் காலேஜும் சொல்லக் கூடாது. பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துரணும்னு யுஜிசி 2018-ல அறிவிப்பே போட்டிருக்கு. ஆனா கவுண்டர்ல இருக்கவரு யுஜிசியைப் பாத்திருக்க மாட்டாரு. ஒவ்வொண்ணுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கோ, எது குடுத்தாலும் ஒரு ரசீது கேளு. கேக்கிறதுக்குச் சங்கடமா இருந்தா, “எங்க தாத்தா திட்டுவாரு”ன்னு சொல்லு. கெட்ட பேரு எனக்கு வரட்டும்.

புதுமைப் பெண் திட்டத்துக்கும் போன கையோட காலேஜ் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துரு. 2022-ல கொண்டு வந்தது. ஆறாம் வகுப்புல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்ச புள்ளைகளுக்கு மாசம் 1000 ரூவா பேங்குல விழும். கணக்குல ஆதாரைச் சேத்திருக்கணும், அதைப் பாத்துக்கோ. பணம் விழுகிற சங்கதியை யாருக்கிட்டயும் சொல்லாத. எங்கிட்ட மட்டும் சொல்லு.

தின்பண்டத்துக்கு வாரேன். சாத்தூர் சேவு, பருப்புப் பொடி, நம்ம ஊரு கடலை மிட்டாய். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு குடுத்தாக. அந்தக் குறியீடெல்லாம் ஹாஸ்டல்ல செல்லாது. டப்பா மூடி திறக்கிற சத்தம் அடுத்த ரூம் வரைக்கும் கேக்கும், முதல் ராத்திரியே காலி. அதனால ரெண்டு டப்பாவாப் போடச் சொல்லு. ஒண்ணை நீயே எடுத்து எல்லாருக்கும் நீட்டு. பேரு கேக்க, ஊரு கேக்க அதைவிடச் சுளுவான வழி கிடையாது. ரெண்டாவது டப்பாவை மாத்துச் சேலைக்கு அடியில, நாப்தலின் உருண்டைக்குப் பக்கத்துல வை. ஒருத்தியும் மூக்கை நீட்டமாட்டா. டப்பா மூடி மட்டும் இறுக்கமா இருக்கணும், இல்லன்னா நீயும் திங்க முடியாது.

துணி துவைக்கத் தெரியுமா உனக்கு? வெயிலுக்குப் பயந்து இங்க ஒரு கைக்குட்டை கூட நீ அலசுனதை நான் பாத்ததில்ல. போறதுக்குள்ள ஒரு தடவையாவது ஜீன்ஸ் பேண்டை நனைச்சுப் பிழிஞ்சு பாரு, அது எம்புட்டுத் தண்ணி குடிக்கும்னு தெரியும். கோயம்புத்தூர்ல தென்மேற்குக் காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியாப் புகுந்து அடிக்கும். கிளிப்பு இல்லாம மொட்டை மாடியில காயப் போட்டா உன் சுடிதாரு பையன்க ஹாஸ்டலுக்கு உனக்கு முன்னாடிப் போயிரும். கிளிப்பு ஒரு டஜன் வாங்கு. பக்கெட்டு அடியில நெயில் பாலிஷ்ல பேரு எழுதி வை. கெட்டில், தண்ணி சுட வைக்கிற கம்பி எல்லாம் வேண்டாம். வார்டன் சோதனைக்கு வந்தா முதல்ல அதைத்தான் எடுத்துக்கிட்டுப் போவாக.

அந்த வார்டன் அம்மா ரூமுக்கு முன்னால நிக்கிற கூட்டம் ரேஷன் கடையில மண்ணெண்ணெய் ஊத்துற நாள் மாதிரி இருக்கும். பாரத்துல ‘லோக்கல் கார்டியன்’னு ஒரு கட்டம் வரும். கவுண்டம்பாளையத்து அத்தை கையெழுத்துப் போட எப்பவோ ரெடி. அவளுக்கு ஒரு மகன் இருக்கான்கிறதையும் ஞாபகம் வச்சுக்கிட்டு அந்தக் கட்டத்தை நிரப்பு. சாயங்காலம் கேட்டு பூட்டுற நேரமும் அங்க எழுதிப் போட்டிருக்கும். பையன்க ஹாஸ்டல்னா அவனுகளுக்கு ஒரு நேரம், உங்களுக்கு அதுக்கு முன்னாலயே ஒரு நேரம். கேட்டா பாதுகாப்புன்னு சொல்லுவாக. வம்பு பண்ணுறவனை வெளிய விட்டுட்டு வம்பு பண்ணாதவளைப் பூட்டி வைக்கிறது எந்த ஊரு கணக்குன்னு எனக்கு இன்னும் விளங்கல. நாலாவது வருசம் நீ பெரியவளா ஆனதும் கேளு. முதல் நாளே கேக்காத.

ராகிங் விசயத்துல மட்டும் விளையாட்டு இல்ல தாயி. 1996-ல சிதம்பரத்துல பொன் நாவரசுன்னு டாக்டருக்குப் படிக்கப் போன பையனை ராகிங்ல கொன்னே போட்டாக. அதுக்குப் பிறகுதான் 1997-ல தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு. ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயிலு, பத்தாயிரம் வரைக்கும் அபராதம். இப்ப சேரும்போதே நீயும் உங்கப்பனும் உறுதிமொழி எழுதிக் குடுக்கணும். பாடு, ஆடுன்னா பாடிட்டுப் போ, உன் பாட்டைக் கேட்டா அவளுகளே அடுத்த தடவை கேக்கமாட்டாளுக. அதுக்கு மேல கையை நீட்டுனா, மிரட்டுனா, 1800-180-5522ன்னு ஒரு நம்பர் இருக்கு, காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பாக. போன்ல இப்பவே போட்டு வை. சீனியர் அக்கான்னு பாவம் பாக்காத.

சாப்பாட்டைப் பத்திக் கவலைப்படாத, முதல் வாரம் நல்லாத்தான் போடுவாக. அப்பா அம்மாமாரு போக்கும் வரவுமா இருக்கிற வாரம் அது. உங்க ஹாஸ்டல்ல டிவைடிங் மெஸ்ஸான்னு விசாரிச்சுக்கோ. அரிசி, பருப்பு, காய், கேஸு, சமையக்காரர் சம்பளம், மாசம் முழுக்க ஆன செலவை எல்லாம் கூட்டி, தலைக்கு இவ்வளவுன்னு பிரிச்சுருவாக. நீ தோசை புடிக்கலன்னு பட்டினி கிடந்தாலும் உன் பங்கு உன் தலையிலதான். ஊருக்கு வாரதா இருந்தா முன்கூட்டியே எழுதிக் குடுத்தாத்தான் அந்த நாளைக் கழிப்பாக. மெஸ் கமிட்டிக்கு ஆளு கேட்டா முதல்ல கையைத் தூக்கு. தக்காளி என்ன விலைக்கு வாங்குதாக, பில்லுல என்ன விலை எழுதுதாகன்னு பாக்கிறது உன் கணக்குப் பாடத்துல இல்ல. அதைப் படிச்சுட்டியன்னா, பிறகு எந்தக் கான்ட்ராக்டரும் உன்னை ஏமாத்த முடியாது.

அம்மா கிளம்பும்போது அழுவா. நீயும் கொஞ்சம் அழுது வை, இல்லன்னா வழி பூராம் உங்கப்பனைப் பிடிச்சுத் திட்டுவா. முதல் சனி ஞாயிறே ஓடி வந்துராத. வந்தா ரெண்டாவது தடவை போறது ரொம்பக் கஷ்டம். தீவாளிக்கு வா. ரயில்ல 60 நாளுக்கு முன்னாடிதான் முன்பதிவு திறக்குது, காலையில 8 மணிக்கு. தீவாளி டிக்கெட்டு நிமிசத்துல தீந்துரும், அன்னைக்கு வகுப்பு இருந்தாலும் பெஞ்சுக்கு அடியில போனை வச்சுப் போட்டுரு. காசு நான் தாரேன், உங்கப்பன்கிட்டச் சொல்லாத.