ஏப்ரல் முதல் தேதிப் பிள்ளை

ஆர்மின் ரோனாகர் என்ற புரோகிராமர் 2010 ஏப்ரல் முதல் தேதி, ஒரே ஃபைலில் அடங்கும் வெப் ஃப்ரேம்வொர்க் என்று வேடிக்கைக்கு ஒன்றை வெளியிட்டார். நிஜமென்றே எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அதிலிருந்து முளைத்ததுதான் பைத்தான்காரர்களின் ஃபிளாஸ்க். பிறவிக் குணம் போகுமா?

புதிதாக வருபவர் தன் ஃபைலுக்குப் பயபக்தியோடு 'ஃபிளாஸ்க்.பை' என்றே பெயர் சூட்டுவார். பிறகு ஃபிளாஸ்க்கை இம்போர்ட் செய்யச் சொன்னால், பைத்தான் அந்த ஃபைலையே திறந்து பார்த்துவிட்டு, 'இதில் ஃபிளாஸ்க் இல்லையே' என்று கைவிரிக்கும். மாப்பிள்ளையைக் கூப்பிட்டால் அதே பெயருள்ள சமையல்காரர் வந்து நிற்கிற கதைதான். ஃபைலின் பெயரை மாற்றினால் தீர்ந்தது. நம்மவரோ ஃபிளாஸ்க்கை அழித்து அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்துகொண்டிருப்பார்.

ஹெச்டிஎம்எல் ஃபைல் கண்ணெதிரே இருக்கும்; காணவில்லை என்று பிழை வரும். ஃபோல்டர் 'டெம்ப்ளேட்ஸ்' என்றிருக்க வேண்டும். ஒருமையில் அழைத்தால் ஃபிளாஸ்க் திரும்பிக்கூடப் பார்க்காது.

மேக் வைத்திருப்பவர்களின் பாடு தனி. ஃபிளாஸ்க் வழக்கமாக உட்காரும் 5000-ஆம் போர்ட்டில் ஏர்பிளே ரிசீவர் முன்பே துண்டு போட்டிருக்கும். அதை அணைத்துப் பார்க்கும்படி பிழைச் செய்தியே சொல்கிறது. ஆனால் அதைப் படிப்பது வழக்கமில்லை. திரையைப் போட்டோ எடுத்து, ஆபீஸ் சீனியருக்கு வாட்ஸ்அப்பில், "அண்ணா, ஓடல" என்று அனுப்புவதே மரபு. அதுவும் கடைசி வரி தெரியாதபடி.